இடி மாஸ்டரும் போனக்காடு பஸ்ஸும்

ஒரு பஸ் கண்டக்டரைக் குத்துச்சண்டையில் தோற்கடிக்கும்வரை அவருடைய பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து, யானை நடமாடும் மலைப்பாதையில் மூன்று வருடம் வீட்டுக்கு நடந்தே போய்வந்த மனிதர் இந்தியாவில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். மற்ற மாநிலங்களில் நான் விசாரிக்கவில்லை. அவரைப் பார்த்த பிறகு விசாரிக்கத் தோன்றவில்லை.

அவர் எங்கள் விடுதியின் பொறோட்டா மாஸ்டர். பதினொரு வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடு எழுதும் வேலைக்கு நான் வந்தபோது, நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருந்த அந்த ஆண்கள் விடுதியில்தான் இடம் கிடைத்தது. நாற்பது பேர் தங்கியிருந்தோம். நாற்பது பேரும் என்ன வேலை செய்கிறோம் என்பதை வீட்டுக்கு விளக்க முடியாதவர்கள். கண்ணால் பார்க்கும்படி வேலை செய்தவர் மாஸ்டர் ஒருவர்தான்.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. இடி மாஸ்டர் என்பார்கள். மலையாளத்தில் இடி என்றால் குத்து. வயது ஐம்பதுக்குப் பக்கத்தில். அகலமான தோள்கள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு. மாலை ஏழு மணிக்கு அவர் மாவைக் கல்லில் அடிக்கத் தொடங்கினால் இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

குத்துச்சண்டை எங்கே கற்றார் என்று நான் மூன்று முறை கேட்டேன். ராணுவத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவரிடம் என்றார் ஒரு முறை. தேயிலைத் தோட்டத்து யூனியன் ஆபீஸ் டிவியில் என்றார் இன்னொரு முறை. மூன்றாவது முறை, "அது கத்துக்கிறதா சாரே? கை இருக்கு, எதிர்ல ஆள் இருக்கு, பின்னே எந்தா?" என்றார். மூன்றில் கடைசிப் பதிலைத்தான் நான் நம்பினேன். அவர் சண்டையும் அப்படித்தான் இருந்தது.

ஊர் போனக்காடு. மலைமேல், தேயிலைத் தோட்டம். மனைவி பொன்னம்மா அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் வித்துரா. அங்கே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்க் கடையில்தான் மாஸ்டர் முன்பு வேலை பார்த்தார். வித்துராவில் ஒரு வாசகசாலை உண்டு. அதன் விளையாட்டுக் குழு ஓணத்துக்கு ஓணம் போட்டிகள் நடத்தும். வடம் இழுத்தல், உறியடி, மெதுவாக சைக்கிள் ஓட்டுதல். யாரோ ஒருவருடைய யோசனையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் குத்துச்சண்டையும் சேர்ந்தது. பரிசு ஒரு ஏத்தங்குலை, அதாவது நேந்திரம் வாழைத்தார். ஆள் உயரம் இல்லை, ஆனால் ஆளை உட்காரவைக்கும் கனம்.

முதல் வருடம் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாஸ்டர். மற்றவர் போனக்காடு பஸ்ஸின் கண்டக்டர்.

கண்டக்டரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் போதும். இருபது வருடமாக அந்த மலைப்பாதை வளைவுகளில், கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் டிக்கெட் கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர். ஒல்லியான உடம்பு. முழங்கை, மூட்டை, குடைக்கம்பி, பலாப்பழம் எல்லாம் வந்து வந்து அவர் இருந்த இடத்தில் மோதும். அவர் அங்கே இருக்க மாட்டார். நீங்கள் சில்லறைக்காக சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடுமாறும் நொடியில் டிக்கெட் உங்கள் விரலிடுக்கில் இருக்கும். ரிங்குக்குள்ளும் அப்படியே. தானாக ஒரு குத்துகூட விடமாட்டார். நீங்கள் குத்துவீர்கள், அது காற்றில் போகும், நீங்கள் தடுமாறுவீர்கள், அந்த நொடியில் டிக்கெட் கிடைத்துவிடும்.

முதல் வருடம் மாஸ்டர் அவரை ரிங் முழுக்கத் துரத்தினார். இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோற்றார்.

அதுகூடப் பரவாயில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போக அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வேறு பஸ் கிடையாது. கண்டக்டர் நல்ல மனிதர். கேலியே இல்லாமல், "அண்ணன் இரிக்கணும், தலை சுத்தும்" என்று சொல்லி ஓர் இருக்கையிலிருந்தவரை எழுப்பி அவரை உட்கார வைத்தார். மாஸ்டர் உட்கார்ந்தார். தலைக்கு மேலே பலகையைப் பார்த்தார். 'முதியவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. பஸ் முழுவதும் சிரித்தது. மாஸ்டர் அடுத்த வளைவில் இறங்கினார். உன்னைத் தோற்கடித்த பிறகுதான் இந்தப் பஸ்ஸில் கால் வைப்பேன் என்று படிக்கட்டில் நின்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நான்கு மணி நேர நடை.

மறுவாரம் வித்துரா கடையை விட்டுவிட்டுக் கழக்கூட்டத்துக்கு வந்தார். தன்னை அடித்தவனுக்குத் தினமும் பொறோட்டா வைத்துச் சால்னா ஊற்றுவது முறையில்லை என்பது அவர் கருத்து. அதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை வித்துராவில் இறங்கி, மலை ஏறி வீட்டுக்கு நடப்பார். ஒவ்வொரு முறையும் வழியில் அந்தப் பஸ் அவரைத் தாண்டும். உடனே தாண்டாது. பக்கத்தில் வந்து கண்டக்டர் ஒற்றை மணி அடிப்பார். பஸ் நிற்கும். மாஸ்டர் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம் ஆன பிறகு இரட்டை மணி. பஸ் போகும். நாளடைவில் அந்த வழித்தடத்துப் பயணிகள் அதை ஒரு நிறுத்தமாகவே நினைத்து இறங்கவும் ஏறவும் தொடங்கியிருந்தார்கள்.

"வழியிலே யானை இருக்குமே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கும். ஆனா யானை நேரா வரும் சாரே. நேரா வர்றவன்கிட்ட எனக்குப் பயமில்ல."

நான் தட்டோடு கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கண்டக்டரை எப்படி வீழ்த்துவது என்பது பற்றி ஒரு பாடம் கிடைக்கும். எனக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்.

"அந்த மாதிரி ஆளுக்குச் சொந்தமா சோறு கிடையாது கேட்டோ. நம்ம தப்புதான் அவனுக்குச் சோறு. நாம குத்தி, தவறி, முன்னால சாஞ்சாத்தான் அவன் சாப்பிட முடியும். அதனால துரத்தக் கூடாது. கோழி பிடிக்கிறவன் கோழி பின்னாலயா ஓடுவான்? கூட்டு வாசல்ல போய் நிப்பான்."

"சரி மாஸ்டர். எனக்கு ரெண்டு பொறோட்டா."

"பின்னே, தலையை அடிக்கப் போகக் கூடாது. தலை பஸ் ஏறிப் போயிடும். வயிறு ஸ்டாப்பிலேயே நிக்கும். வயித்தை அடிக்கணும். தோளை அடிக்கணும். கை மேலயே அடிக்கணும். எங்கே பட்டாலும் மதி, அது போதும்."

இவ்வளவு தெரிந்தவர் ஏன் தோற்கிறார் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். இரண்டாவது வருடம் துரத்தாமல் நின்றார். கண்டக்டரும் நின்றார். ஒரு முழு ரவுண்டு இருவரும் எதிரெதிரே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல் நின்றார்கள். கூட்டம் உட்கார்ந்தது. சிலர் டீ குடிக்கப் போனார்கள். நடுவர் இருவரையும் எச்சரித்தார். மூன்றாவது ரவுண்டில் பொறுக்க முடியாமல் மாஸ்டர் ஒரே ஒரு குத்து விட்டார். அது போதுமானதாக இருந்தது, கண்டக்டருக்கு.

மூன்றாவது வருடம் வயிற்றைக் குறிவைத்தார். வயிறு நின்ற இடத்தில் நிற்கவில்லை. குத்து மூலைக் கம்பத்தில் விழுந்தது. கம்பத்தில் கட்டியிருந்த பரிசுக்குலை அறுந்து நடுவரின் காலில் விழுந்தது. பரிசுப் பொருளுக்குச் சேதம் விளைவித்ததாகப் புள்ளி குறைத்தார்கள். இதை நான் செல்போன் வீடியோவில் ஒன்பது முறை பார்த்திருக்கிறேன்.

நான்காவது வருடம் நிலைமை மோசமானது. மாஸ்டரின் இரண்டு முழங்கால்களும் வீங்கின. இனிமேல் ஏற்றம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வாரம் வித்துராவிலிருந்து இன்னொரு செய்தி. குத்துச்சண்டை நடத்துவது இதுதான் கடைசி. அடுத்த ஓணத்திலிருந்து அதற்குப் பதிலாகக் கரண்டியில் எலுமிச்சை வைத்து ஓடும் போட்டி.

"அதுல வேணா ஜெயிச்சுக்கலாமே மாஸ்டரே" என்றான் லிஜோ. மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவன். என் அறைத்தோழன்.

"அதுலயும் அவன்தான் ஜெயிப்பான். கை ஆடாது அவனுக்கு."

கணக்கு எளிமையானது. இந்த முறை தோற்றால் மாஸ்டர் பஸ்ஸிலும் ஏற மாட்டார், நடக்கவும் முடியாது. பொன்னம்மா ஆடுகளை விட்டுவிட்டுக் கீழே வர மாட்டார். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதர் சொந்த வீட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்பார். ஜீப்பில் போகலாமே என்று ஒருவன் சொன்னான். மாஸ்டர் அவனுக்கு அன்று குருமா ஊற்றவில்லை.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பொன்னம்மாவுக்கு எடுத்த ஓணப்புடவையை என்னிடம் கொடுத்துப் போனக்காட்டுக்கு அனுப்பினார். அப்படித்தான் அந்தப் பஸ்ஸில் முதல்முறை ஏறினேன். கண்டக்டர் என் மடியிலிருந்த பொதியைப் பார்த்தார்.

"கழக்கூட்டமா சாரே?"

"எப்படித் தெரியும்?"

"பொதி கெட்டினது மாஸ்டரண்ணன். அந்த முடிச்சு வேற யாருக்கும் வராது. கால் எப்படி இருக்கு அண்ணனுக்கு?"

"வீக்கம். மலை ஏறக் கூடாதாம்."

அவர் பின்னால் போய் நான்கு பேருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். பஸ் வளைந்தது. நான் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் எதையும் பிடிக்கவில்லை.

"சாரே, ஞான் ஆறு வருஷம் அண்ணன் கடையில சாப்பிட்டிருக்கேன். கல்லுக்கு நேர் எதிர் பெஞ்சு. தட், தட், வீச்சு. தட், தட், வீச்சு. ரெண்டு தட்டு சின்னது, மூணாவது பெரிசு. ரிங்குக்குள்ளேயும் அதேதான். வீச்சு வரும்போது ஞான் அங்கே இருக்க மாட்டேன். அவ்ளோதான் விஷயம்."

இதைச் சொல்லிவிட்டு ஒற்றை மணி அடித்தார். யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. வெளியே பார்த்தேன். வெறும் வளைவு. ஒரு நிமிடம் கழித்து இரட்டை மணி அடித்தார்.

மேலே பொன்னம்மா புடவையை வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்.

"நடந்து வாறாரு. ரெண்டு நாள் கால நீட்டிப் படுத்துக் கெடக்காரு. எந்திரிச்சுத் திரும்ப நடந்து போறாரு. இது வீட்டுக்கு வாறதா, ஆஸ்பத்திரிக்கு வாறதா? தோத்தாலும் பஸ்ஸுல வரச் சொல்லுங்க சாரே. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

"சொல்றேன். கேட்பாரா?"

"கேக்க மாட்டாரு. சொல்லி வைங்க."

கண்டக்டர் சொன்னதை மாஸ்டரிடம் சொல்வதா என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன். பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. 'இதைப் போட்டுவிடாதீர்கள்' என்று ஒருவர் கேட்டுக்கொள்ளாத எதையும் போடலாம். கண்டக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

மாலை ஏழு மணிக்குச் சொன்னேன். மாஸ்டர் நம்பவில்லை. "பொறோட்டா வேற, இடி வேற" என்று சொல்லிக்கொண்டே மாவை எடுத்துக் கல்லில் போட்டார். தட். தட். கையை ஓங்கினார். அப்படியே நின்றார். மாவு கையிலிருந்து மெதுவாகக் கீழே வழிந்தது. தன் சத்தத்தை அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை.

"அய்யோ" என்றார். அன்று இரவு உணவு உப்புமா.

மறுநாள் முதல் தாளத்தை உடைக்கும் பயிற்சி தொடங்கியது. பயிற்சிக்கு அவருக்கு வேறு இடமோ நேரமோ கிடையாது. கல்லில்தான் செய்தார். தட், வீச்சு. தட், தட், தட், ஒன்றுமில்லை. வீச்சு, தட். சில சமயம் கையை ஓங்கிவிட்டு மாவைத் தொடாமல் நம்மைப் பார்ப்பார். அந்தப் பொய்க் குத்துக்கு அவர் பாவ்லா என்று பெயர் வைத்திருந்தார். பாவ்லாவில் தயாரான பொறோட்டா ஒரு பக்கம் காகிதமாகவும் மறுபக்கம் பலகையாகவும் வந்தது. வட்டம் என்ற வடிவத்தை விடுதி மறந்தது.

"மாஸ்டரே, இது பொறோட்டாவா, மேப்பா?" என்று லிஜோ கேட்டான். "எனக்குக் காசர்கோடு பக்கம் மட்டும் மதி. கொல்லம் வேகல."

வாட்ஸப் குழுவில் புகார்கள் குவிந்தன. நாற்பது பேரும் சாப்பாட்டு அறையில் கூடினோம். விடுதியில் நான் இருந்த காலத்தில் எல்லோரும் வந்த ஒரே கூட்டம் அதுதான். ஒரு மணி நேரம் பேசினோம். முடிவில், ஓணம்வரை எந்த வடிவத்தில் பொறோட்டா வந்தாலும் பேசாமல் சாப்பிடுவது என்று முப்பத்தாறு பேர் கை தூக்கினார்கள். மீதி நான்கு பேருக்கு வயிற்றுக் கோளாறு. அவர்கள் கை தூக்கும் நிலையில் இல்லை.

போட்டி நாளில் ஏழு பேர் மாஸ்டரோடு வித்துராவுக்குப் போனோம். ஒலிபெருக்கியில் யாரோ ஒருவருடைய பெயரைச் சொன்னார்கள். யார் அது என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மாஸ்டர் எழுந்தார்.

முதல் ரவுண்டு. தட், தட். கண்டக்டர் குனிந்தார். வீச்சு வரவில்லை. வராத ஒரு குத்துக்கு ஒரு மனிதர் அவ்வளவு அழகாகக் குனிந்ததை வித்துரா அதுவரை பார்த்ததில்லை. அவர் நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கு வெளியே என்னைப் பார்த்தார். நான் ஓணக்கொடிகளைப் பார்த்தேன்.

இரண்டாவது ரவுண்டில் அவர் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார். வேகமான ஆட்களிடம் இதுதான் தொல்லை. மாஸ்டரின் மூக்கில் ரத்தம். ஆனால் மாஸ்டர் துரத்தவில்லை. ஒவ்வொரு அடியாகப் பக்கவாட்டில் வைத்து, கூட்டு வாசலில் நிற்பவரைப் போல் வழியை மறித்தார். தோளில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் இரண்டு. எங்கே பட்டாலும் மதி.

மூன்றாவது ரவுண்டு. மாஸ்டர் ஒரு காலை இழுத்து வைத்தார். உடம்பு களைத்தால் பழைய வேலைக்குத்தான் திரும்பும். தட், தட் என்றார். பழைய தாளம். தோள் பின்னால் போனது.

"வேண்டா மாஸ்டரே!" என்று ஏழு பேரும் கத்தினோம். மூன்று வாரம் அந்தப் பொறோட்டாவைத் தின்றவர்களின் குரல் அது.

ஓங்கிய கை நின்றது. கண்டக்டர் குனிந்தார். வளைவு முடிந்து பஸ் நேராகும்போது நிமிர்வாரே, அப்படி நிமிர்ந்தார். அப்போது வீச்சு வந்தது.

கண்டக்டர் உட்கார்ந்தார். அந்த வழித்தடத்துப் பயணிகள் அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல்முறை. யாரும் உடனே கைதட்டவில்லை. நடுவர் எட்டு எண்ணும்போது கண்டக்டர் எழுந்துவிட்டார். மீதி நேரமும் சண்டை போட்டார், ஒழுங்காகவே. ஆனால் புள்ளி மாஸ்டருக்கு.

மாலைப் பஸ்ஸில் நானும் ஏறினேன். ஓணக் கூட்டம். உட்கார இடமில்லை. முதியவர்களுக்கான இருக்கையில் மட்டும் கண்டக்டரின் துண்டு கிடந்தது. உதடு வீங்கிய கண்டக்டர் துண்டை எடுத்தார். மாஸ்டர் இருக்கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பரிசுக்குலையை அதில் உட்கார வைத்தார். தான் பக்கத்தில் நின்றுகொண்டார், கம்பியைப் பிடிக்காமல். இரண்டாவது வளைவில் கம்பியைப் பிடித்தார். ஐந்தாவது வளைவில் கண்டக்டர் குலையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவர் தூங்கிய பிறகு நான் கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு ஏன் என்கிட்ட அதைச் சொன்னீங்க?"

"சாரு பத்திரிகையில இருந்ததா அண்ணன் சொல்லியிருந்தது ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார். குலையை மறு தோளுக்கு மாற்றினார். "மாசாமாசம் மணி அடிச்சு, நிறுத்தி, அந்த மனுஷன் காட்டைப் பாத்து நிக்கறதைப் பாத்துட்டுப் போகணும். அதைவிட அடி வாங்கறது எளுப்பம் சாரே."

கடைசி நிறுத்தத்தில் பொன்னம்மா நின்றிருந்தார். மாஸ்டர் இறங்குவதைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாரா?" என்றார்.

அடுத்த வருடம் மாஸ்டர் கழக்கூட்டத்தை விட்டுவிட்டார். எங்கேயோ மலைப்பக்கம் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்வி. கடையின் பெயர் தெரியாது. அவர் பெயரையும் ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. உடைத்த தாளம் அவருக்குத் திரும்பக் கூடவே இல்லை. கடைசிவரை எங்கள் பொறோட்டா கோணலாகத்தான் வந்தது. நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். மாலையில் தெருவில் போகும்போது ஏதாவது கடையில் கல்லில் மாவு அடிக்கும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். தட், தட், வீச்சு என்று சரியாக வந்தால், அவரில்லை என்று தெரிந்துகொண்டு மேலே நடக்கிறேன்.